முன்பணம் வாங்கிக்கொண்டு கத்தி செய்து தரும் பட்டறைகள் குறித்து ஓர் எச்சரிக்கை

மதுரை நகருக்குள் இயங்கும் ஒரு பட்டறையில் முன்பணம் கொடுத்துச் செய்து வாங்கிய கத்தி, அவர்கள் வாக்களித்த இரும்பிலும் செய்யப்படவில்லை, வாக்களித்த மரத்திலும் தோலிலும் செய்யப்படவில்லை. கைப்பிடிக்கும் உறைக்கும் ஆசைப்பட்டு இப்படிக் கத்தி செய்யச் சொல்பவர்கள் நம் பக்கத்தில் இப்போது பெருகியிருக்கிறார்கள்; பெரும்பாலான பட்டறைகள் அழகான படங்களைக் காட்டித்தான் பணம் கேட்கின்றன. அதனால் நடந்ததை முழுவதும் எழுதுகிறேன்.

சோழவந்தான் பக்கம் எங்களுக்கு உள்ள தென்னந்தோப்பில் இளநீர் சீவவும், காய்ந்த மட்டை கழிக்கவும் பயன்படும்படி ஒரு கத்தி கேட்டேன். லாரிப் பட்டையில் (லாரியின் அடியில் சுமை தாங்கும் வில்பட்டை எஃகில்) அடித்த அலகு, பிடியின் கடைசி வரை நீளும் வால் (பிடிக்குள் போகும் அலகின் பின்நீட்சி), கருங்காலிப் பிடி, பித்தளை ஆணி, ஆவாரம்பட்டையில் பதனிட்ட மாட்டுத்தோல் உறை என்று பேசி, மொத்தம் 6,500 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டார்கள். அதில் 4,000 ரூபாயை முன்பணமாகக் கொடுத்தேன். சொன்ன தேதியைப் பலமுறை தள்ளிப்போட்ட பிறகு, மீதிப் பணத்தையும் வாங்கிக்கொண்டுதான் பொருளைக் கையில் கொடுத்தார்கள். பார்வைக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

தோப்பில் முதல் குலை இளநீரைச் சீவி முடிப்பதற்குள் வெட்டுவாய் மடிந்துவிட்டது. சாணை பிடித்தால் சரியாகிவிடும் என்று பட்டறைக்காரர் தொலைபேசியில் சொன்னார். சாணை பிடித்தும் மறுநாளே மீண்டும் மடிந்தது. அதற்குப் பிறகுதான் அரிவாளுக்குப் பெயர்பெற்ற திருப்பாச்சேத்திக்கு எடுத்துச்சென்று, அங்கே பரம்பரையாகக் கொல்லுப்பட்டறை நடத்தும் ஒரு பெரியவரிடம் காட்டினேன்.

அவர் முதலில் அரத்தை எடுத்து வெட்டுவாயின் மீது இழுத்தார். நன்றாகத் தோய்ச்சல் ஏறிய, அதாவது காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்கிய கத்தியில் அரம் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். என் கத்தியிலோ அரம் கவ்விப் பிடித்துப் பொடியை உதிர்த்தது. அடுத்து அலகின் முதுகைச் சாணைக்கல்லில் லேசாகத் தொட்டுப் பொறியைக் காட்டினார். கார்பன் மிகுந்த எஃகில் பொறி கிளைகிளையாக வெடித்துச் சிதறும். இதில் வந்தவை கிளைக்காத நீண்ட கோடுகள். “இது லாரிப் பட்டையே இல்லங்க, கிரில் கேட்டுக்குப் போடுற பட்டை” என்றார்.

இந்த இடத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஏமாற்று நடப்பது இங்கேதான். லாரிப் பட்டையில் கார்பன் ஏறத்தாழ 0.5 முதல் 0.6 சதவீதம் இருக்கும். அதைக் காந்தம் ஒட்டாத அளவுக்கு, அதாவது சுமார் 770 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வரை காய்ச்சி, எண்ணெயில் தோய்த்தால் கடினமாகும். பிறகு 200 டிகிரிக்குப் பக்கத்தில் மறுபடியும் மெதுவாகச் சூடேற்றினால், கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை நீங்கி வேலைக்கு ஏற்ற உறுதி வரும். கேட்டுக்கும் ஜன்னலுக்கும் போடும் மெல்லிரும்பில் கார்பன் பெரும்பாலும் 0.25 சதவீதத்துக்கும் குறைவு என்பதால், அதை எத்தனை முறை தோய்த்தாலும் கத்திக்கு வேண்டிய கடினம் ஏறாது. மெருகேற்றிய பிறகு இரண்டும் ஒன்றுபோலவே பளபளக்கும். கண்ணால் பார்த்து எவராலும் வேறுபாடு சொல்ல முடியாது.

என் சம்மதத்தோடு பெரியவர் பிடியைக் கழற்றினார். முழு நீளத்துக்கு இருக்க வேண்டிய வால் இரண்டு விரற்கடையில் முடிந்திருந்தது. அதன் நுனியில் ஒரு கம்பியைப் பற்றவைத்து, மீதி இடத்தைப் பசையால் நிரப்பியிருந்தார்கள். பித்தளை ஆணிகள் இரும்பைத் தொடவே இல்லை. வெறும் மரத்தில் அலங்காரமாகச் செருகப்பட்டிருந்தன. ஓங்கி வெட்டும்போது அந்தப் பற்றவைப்பு விட்டிருந்தால் அலகு தெறித்து யார் மீதாவது பாய்ந்திருக்கும். பண இழப்பைவிட இதுதான் எனக்குப் பொறுக்க முடியாத கோபத்தைத் தருகிறது. மரமும் கருங்காலி அல்ல. கருங்காலியின் வைரப்பகுதியை அரத்தால் தேய்த்தால் உள்ளே போகப்போகக் கறுப்பாகவே இருக்கும். இதிலோ மேல்சாயம் போனதும் வெளிறிய மரம் தெரிந்தது.

உறையின் வெட்டிய ஓரத்தில் நாருக்குப் பதில் துணி தெரிந்தது; அது ரெக்சின். வெட்டுவாய் தையலைத் தொடாமலிருக்க இரு மடிப்புகளுக்கும் நடுவே வைத்துத் தைக்க வேண்டிய தோல் பட்டையும் இல்லாததால், தையல் நூல் அறுந்துகொண்டே வந்தது. (தோலுறை உண்மையானதாகவே இருந்தாலும் கத்தியை மாதக்கணக்கில் அதற்குள் வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் அலகு துருவேறும்.)

இவற்றையெல்லாம் படமெடுத்து அனுப்பிக் கேட்டதற்கு, “உங்க இஷ்டத்துக்குச் செஞ்ச பொருளத் திருப்பி எடுக்கிறதில்லண்ணே” என்ற ஒரே பதில் வந்தது. அதற்குப் பிறகு என் அழைப்பை அவர்கள் எடுக்கவில்லை.

இனிச் செய்யச் சொல்பவர்கள், பிடி மாட்டுவதற்கு முன் அலகை நேரில் காட்ட வேண்டும் என்பதை முதல் நிபந்தனையாக வையுங்கள். வால் எவ்வளவு நீளம் என்பதை அப்போது பார்த்துவிடலாம். வெட்டுவாயில் உங்கள் கண்முன்னே அரம் போடச் சொல்லலாம். பணத்தின் பெரும்பகுதியை அந்தக் கட்டத்துக்குப் பிறகே கொடுங்கள். நேர்மையான கொல்லர் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார். திருப்பாச்சேத்திப் பெரியவரிடம் இதே நிபந்தனையைச் சொன்னபோது, தோய்ச்சல் போடும் நேரத்தில் பக்கத்திலேயே வந்து நிற்கும்படி அவரே அழைத்தார். இரும்பு, மரம், தோல் மூன்றையும் பெயர் குறிப்பிட்டு எழுதிய ரசீதை வாங்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

ரசீது என்னிடம் இருப்பதால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் அளித்திருக்கிறேன். அது முடியும் வரை பட்டறையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் அளிக்கலாம், பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் அளிக்க வேண்டும். வழி கேட்க 1915 என்ற எண் உள்ளது. இதே நிலையில் இருப்பவர்கள், பிடியைக் கழற்றும் முன்பும் கழற்றும்போதும் தொடர்ச்சியாகக் காணொளி எடுத்து வையுங்கள். இல்லையென்றால் குறையை நீங்களே உண்டாக்கியதாக எதிர்த்தரப்பு சொல்ல இடமாகிவிடும்.