நகரும் நாக்குத் திட்டு: உள்ளூர் டாக்டரா, ஹைகிரவுண்டா?

குழந்தையின் நாக்கில் சிவப்புத் திட்டு, அதன் ஓரத்தில் வெள்ளை விளிம்பு. நாலு நாள் கழித்துப் பார்த்தால் திட்டு வேறு இடத்தில் இருக்கிறது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, ஆனாலும் பார்த்தவர்களுக்குப் பகீரென்றிருக்கும். எங்கள் மகளுக்கு இப்படி வந்தபோது அம்பாசமுத்திரத்தில் வழக்கமாகப் பார்க்கும் குழந்தை டாக்டரிடம் காட்டுவதா, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு, அதாவது அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போவதா என்று வீட்டில் பேச்சு. உள்ளூரிலேயே காட்டினோம், இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

காசுக் கணக்கை வைத்து முடிவெடுக்க முடியாது. ஹைகிரவுண்டில் ஃபீஸ் இல்லை, ஆனால் பஸ், காத்திருப்பு, ஒரு நாள் சம்பளம் என்று போய்விடும்.

நான் பார்த்தது ஒன்றைத்தான்: முதலில் பார்த்தவரே அடுத்த முறையும் பார்ப்பாரா? இப்படி நகரும் திட்டை டாக்டர்கள் ஜியோகிராஃபிக் டங் என்கிறார்கள். நாக்கின் மேலுள்ள நுண்ணிய மொட்டுகள் ஓரிடத்தில் உதிர்ந்து வழுவழுப்பாகச் சிவக்கும். அது ஆறும்போதே இன்னோரிடத்தில் தொடங்கும். இதற்கென்று ரத்தப் பரிசோதனை கிடையாது, கண்ணால் பார்த்துத்தான் சொல்வார்கள். இப்படி இடம் மாறுவதுதான் பெரிய அடையாளம். முதல் நாள் மட்டும் பார்ப்பவருக்கு வாய்ப்புண்ணோ பூஞ்சையோ என்று சந்தேகம் வரலாம். பூஞ்சை என்றால் தயிர் ஒட்டியதுபோல வெள்ளையாகப் படிந்திருக்கும், துடைத்தால் பெரும்பாலும் வந்துவிடும். எங்கள் டாக்டர் மருந்து எதுவும் எழுதாமல், தினமும் காலையில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் வரச் சொன்னார். மறுபடி போனபோது, முன்பு பார்த்த நாக்கு அவருக்கு நினைவிருந்தது. போட்டோக்களைத் தள்ளிப் பார்த்துவிட்டு, “தொற்று இல்லை, சிகிச்சையும் வேண்டாம், வரும் போகும்” என்று முடித்துவிட்டார்.

பெரிய மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் வழக்கமாக யூனிட் முறை: கிழமைக்கு ஒரு குழு ஓ.பி. பார்க்கும். அதே குழு வேண்டுமென்றால் அதே கிழமையில் போக வேண்டும், அப்போதும் அதே டாக்டர் கிடைப்பார் என்று சொல்ல முடியாது. இது குறையில்லை, அவ்வளவு கூட்டத்துக்கு வேறு வழி இல்லை. ஆனால் நகர்வதை வைத்தே கண்டுபிடிக்கிற விஷயத்துக்கு இது தோதுப்படாது.

ஹைகிரவுண்டில் எனக்கு அனுபவம் கொஞ்சம்தான். அண்ணன் மகன் காய்ச்சலுக்குத் துணையாகப் போனதோடு சரி. ஆனால் திட்டு இடம் மாறாமல் இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே நின்றாலோ, ரத்தம் கசிந்தாலோ, பிள்ளை சாப்பாட்டை ஒதுக்கினாலோ உள்ளூரில் உட்கார்ந்திருக்க மாட்டேன். குழந்தை, தோல், பல் என்று எல்லாப் பிரிவுக்கும் ஒரே இடத்தில் காட்டிவிடலாம் என்பது அங்கே பெரிய வசதி.

ஆச்சி சொன்ன மூன்றாவது வழியும் உண்டு: வயிற்றுச் சூடு, மணத்தக்காளிக் கீரை கொடு. கீரை நல்லதுதான், கொடுத்தோம். திட்டு அதன் பாட்டுக்கு நகர்ந்தது. புளிப்பும் காரமும் பட்டால் எரியும் என்பது மட்டும் உண்மை. அதனால் எங்கள் வீட்டுச் சொதியில் இப்போது அவளுக்குத் தனியாக எடுத்துவைத்த பிறகுதான் எலுமிச்சை பிழிகிறோம். இஞ்சிப் பச்சடிப் பக்கமே அவள் வருவதில்லை.