வெள்ளவத்தையா, பத்தரமுல்லையா? கொழும்புக்கு வரும் ஆசிரியருக்கு ஒரு வீட்டுக் கணக்கு

கொழும்பில் ஒரு சர்வதேசப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னதும், திருச்சியில் எனக்குத் தெரிந்த அத்தனை பேரும் சொன்ன இடம் ஒன்றுதான்: வெள்ளவத்தை. அங்கே இட்லி கிடைக்கும், கோயில் இருக்கும், தெருவெல்லாம் தமிழ் கேட்கும், வேறென்ன வேண்டும் என்றார்கள். பள்ளியோ ராஜகிரியவுக்கு அப்பால், பத்தரமுல்லைப் பக்கம் இருந்தது. வரைபடத்தில் இரண்டுக்கும் இடையே பத்துக் கிலோமீட்டர்கூட இல்லை. முதல் ஆண்டு முழுக்க அந்தப் பத்துக் கிலோமீட்டரை நாளுக்கு இருமுறை கடந்தேன். இரண்டாம் ஆண்டில் பள்ளியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு வீட்டுக்கு மாறினேன். இரண்டு இடத்திலும் வாடகை கொடுத்தவள் என்பதைத் தவிர இதை எழுத எனக்கு வேறு தகுதி கிடையாது.

முதலில் சாலை. கொழும்பின் போக்குவரத்து கடலை ஒட்டி நீளவாக்கில் ஒழுங்காக ஓடும். குறுக்கே வெட்டிப் போவதுதான் பெரும்பாடு. காலி வீதியில் 100, 101 எண் பஸ்கள் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு வரும். கடலோர ரயில் ஏறினால் பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு வழியாகக் கோட்டை வந்துவிடும். கதவோரம் நின்றால் முகத்தில் உப்புக்காற்று. எல்லாம் சரி, இவை வடக்கும் தெற்குமாகப் போகிறவை. நான் கிழக்கே போக வேண்டியவள். ஹவ்லொக் வீதிக்கு வந்து, கிருலப்பனை, நாரஹேன்பிட்டி தாண்டி, ராஜகிரியவில் போய் நிற்க வேண்டும். அங்கே 2018இல் மேம்பாலம் திறந்தார்கள். அதன் மேலேயும் வண்டிகள் நிற்கின்றன, கீழேயும் நிற்கின்றன. அரசுப் பள்ளிகள் 7.30 மணிக்குத் தொடங்கி 1.30 மணிக்கு விடுவதால், அலுவலக நெரிசலோடு ஸ்கூல் வேன் நெரிசலும் காலையில் சேர்ந்துகொள்ளும். மதியத்துக்கு மேல் வேன்கள் தனியாக இன்னொரு முறை ஊரை அடைக்கும். ஆறு மணிக்குக் கிளம்பினால் முப்பது நிமிடம். ஆறே முக்காலுக்குக் கிளம்பினால் ஒரு மணி நேரத்துக்கு மேல். அந்த முக்கால் மணித் தூக்கத்துக்கு இவ்வளவு விலை என்று முதல் வாரத்திலேயே புரிந்துவிட்டது.

ஆகவே உங்கள் பள்ளி கறுவாத்தோட்டத்திலோ கொள்ளுப்பிட்டியிலோ இருந்தால், சாலையைப் பொறுத்தவரை வெள்ளவத்தைக்கே என் வாக்கு. பள்ளி பத்தரமுல்லை, பெலவத்தைப் பக்கம் என்றால் மட்டும் மேற்கொண்டு யோசியுங்கள். விசா விஷயத்திலும் அந்தப் பக்கத்துக்கு ஒரு சின்ன ஆதாயம் உண்டு: குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் பத்தரமுல்லையில்தான் இருக்கிறது. வதிவிட விசாவைப் புதுப்பிக்கும் மாதங்களில் இதன் அருமை தெரியும்.

வீடு தேடும்போது நான் முதலில் கற்ற சொல் 'அனெக்ஸ்'. வீட்டுக்காரர் தம் வீட்டோடு ஒட்டி, தனி வாசல் வைத்து வாடகைக்கு விடும் பகுதி அது. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை (நம்மூர்ச் சந்து) ஒன்றில் அப்படி ஒன்று அமைந்தது. வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியை. நான் அம்மா என்று அழைத்தேன். அன்ரி (நம் ஆன்ட்டிதான்) என்றே கூப்பிடு பிள்ளை என்று திருத்தினார். நியமனக் கடிதத்தைக் காட்டியபோது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை வாசித்துவிட்டு, "பள்ளிக்கூடம் என்றீர், இதில் கம்பெனி என்று கிடக்கிறதே?" என்று கேட்டார். எனக்கும் அது புதிதாகத்தான் இருந்தது. 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களுக்குப் பிறகு இலங்கையில் கட்டணம் வாங்கும் புதிய தனியார் பள்ளியைத் தொடங்க வழியில்லாமல் போனது. பின்னாளில் வந்த சர்வதேசப் பள்ளிகள் கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவு செய்துகொண்டு நடக்கின்றன. அதனால் நாம் சட்டப்படி ஒரு கம்பெனியின் ஊழியர், ஓய்வூதியம் கிடையாது. நம்மூர் பி.எஃப். போன்ற ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் 8 சதவீதம் நம்மிடம் பிடிப்பார்கள், 12 சதவீதம் அவர்கள் போடுவார்கள்; ஊழியர் நம்பிக்கை நிதிக்கு மேலும் 3 சதவீதம் அவர்கள் பங்கு. ஒப்பந்தத்தில் இந்த வரிகளைத் தேடிப் பாருங்கள். அன்ரி தேடித்தான் பார்த்தார்.

பாஸ்போர்ட் நகல் மூன்று கேட்டார். எதற்கு மூன்று என்றேன். போர்க் காலத்தில் வெள்ளவத்தைத் தமிழ் வீடுகளில் யார் யார் தங்குகிறார்கள் என்று பொலிஸில் பதிய வேண்டியிருந்தது. அந்தப் பழக்கத்தில் இன்றும் ஒரு கோப்பு வைத்திருக்கிறார். நானும் அதில் ஒரு தாள்.

அங்கே என் பெரிய மனக்குறை மின்கட்டணம். அனெக்ஸுக்குத் தனி மீட்டர் இல்லை. இங்கே மின்கட்டணம் படிப்படியாக ஏறும்; அலகு கூடக் கூட அடுத்தடுத்த அலகின் விலையும் கூடும். இரண்டு குடும்பங்கள் ஒரே மீட்டரில் இருந்தால் இருவருமாகச் சேர்ந்து மேல்படிக்கு ஏறிவிடுகிறோம். பாதிப் பாதி என்பது நியாயம் போலத் தெரியும், ஆனால் குளிர்சாதனம் ஒருவரிடம்தான் இருந்தது, அது என்னிடம் இல்லை. இதை ஓர் ஆண்டு முழுக்கச் சொல்லாமலே இருந்தேன். கடல்பக்க வீடு என்றால் உப்பு வேறு: ஜன்னல் கொக்கி, கேஸ் அடுப்பு, மடிகணினியின் திருகாணி எல்லாவற்றிலும் துரு. ரயில் சத்தம் மூன்று வாரத்தில் காதுக்குப் பழகிவிடும்.

பத்தரமுல்லையில் எடுத்தது தொடர்மாடியில் இரண்டு அறை. தனி மீட்டர், பொதுக் காவலாளி. வாடகையைத்தான் முதலில் டாலரில் சொன்னார்கள். வெளிநாட்டவரை எதிர்பார்த்துக் கட்டிய வீடுகளில் இது சாதாரணம். 2022இன் தொடக்கத்தில் டாலருக்கு ஏறக்குறைய 200 என்றிருந்த இலங்கை ரூபா மே மாதத்துக்குள் 360ஐத் தொட்ட கதையை அந்த ஆண்டு இங்கே இருந்த சக ஆசிரியர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சம்பளம் ரூபாவில், வாடகை டாலரில் என்று சிக்கியவர்கள் வீடு மாறினார்கள், சிலர் நாடே மாறினார்கள். எந்தப் பணத்தில் சம்பளமோ அந்தப் பணத்திலேயே வாடகை என்பதில் நான் இறங்கி வரவில்லை. பேரம் இரண்டு வாரம் நீண்டது. இன்னொன்றும் கேட்டேன்: வெள்ளம் எதுவரை வந்தது? இந்தப் பக்கமே சதுப்பு நிலம். 2010 நவம்பரில் தியவன்னா ஓயா பெருகி நாடாளுமன்ற வளாகத்துக்குள்ளேயே தண்ணீர் வந்தது. வீட்டுத் தரகர் சிரித்து மழுப்பினார். எதிர்வீட்டுப் பெரியவர் சுவரில் தம் முழங்கால் உயரத்தில் கை வைத்துக் காட்டினார். நான் இரண்டாம் மாடியை எடுத்தேன்.

இனி மொழி. திருச்சிக்காரர்கள் சொன்ன கணக்கு பிசகியது இங்கேதான்.

வெள்ளவத்தையில் தமிழ் இருக்கிறது, ஆனால் அது என் தமிழ் அல்ல. பள்ளியில் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஆய்வுக் குறிப்பேடு தராமல் இழுத்துக்கொண்டிருந்தான். அவன் அம்மாவை காலி வீதியில் மரக்கறிக் கடையில் பார்த்தபோது, "நேற்று உங்கள் மகனிடம் பேசினேன்" என்று சொல்லிவிட்டு வெண்டைக்காய் பொறுக்கப் போய்விட்டேன். இரவு தொலைபேசி வந்தது. "மிஸ், பிள்ளை என்ன பிழை செய்தான்? பேசும் அளவுக்கு என்ன நடந்தது?" இங்கே பேசுவது என்றால் திட்டுவது. நாம் பேசுவதற்கு அவர்கள் சொல்வது கதைப்பது. கண்டித்தேன் என்று அவர் எடுத்துக்கொண்டு, அன்று மாலையே பையனுக்கு வீட்டிலும் 'பேச்சு' விழுந்திருந்தது. (குறிப்பேடு மறுநாள் காலை மேசையில் இருந்தது. ஒரு வகையில் மொழியியல் எனக்கு உதவியது என்றே சொல்ல வேண்டும்.) வேதியியல் இங்கே இரசாயனவியல், காய்கறி மரக்கறி, ரொட்டி பாண். இவற்றையெல்லாம் ஒரு மாதத்தில் பழகலாம். ஒரே சொல் இரண்டு பொருளில் நிற்பவைதான் காலை வாரும்.

அதைவிடக் கனமானது, வெள்ளவத்தையில் ஆசிரியருக்கு வீடு திரும்புதல் என்று ஒன்று இல்லாதது. எங்கள் மாணவர்களின் குடும்பங்கள் பலவும் அங்கேதான் இருந்தன. கோயிலில் கற்பூரத் தட்டுக்கு முன்னால் ஒரு தாய் தேர்வு மதிப்பெண் கேட்டார். கடற்கரையோரம் நடக்கப் போனால் ஒரு தந்தை உடன் நடந்தார். பிறகு டியூஷன். வெள்ளவத்தை ஒழுங்கைகளில் மின்கம்பத்துக்கு மின்கம்பம் டியூஷன் விளம்பரம் ஒட்டியிருக்கும். நல்ல ஆசிரியர் என்று பெயர் வந்தால் கதவைத் தட்டுவார்கள். சொந்தப் பள்ளி மாணவருக்குத் தனியாகப் பாடம் எடுப்பதை என் ஒப்பந்தம் தடுத்தது. முடியாது என்பதை நேரடியாகச் சொன்னால், கூடுதல் பணம் எதிர்பார்க்கிறேன் என்று எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. நம் ஆள் என்று நம்பி வருகிறவரை மறுப்பது அந்நியரை மறுப்பதைவிடக் கடினம்.

பத்தரமுல்லையில் நான் வெளிநாட்டுக்காரி. யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. வந்த புதிதில் ஊமையாக இருந்தேன். மூன்று மாதத்தில் சிங்களத்தில் விலை கேட்கவும், பஸ்ஸை நிறுத்தி இறங்கவும், தேங்காய்ச் சம்பலில் மாசிக் கருவாடு போட்டிருக்கிறதா என்று விசாரிக்கவும் வந்துவிட்டது. சைவம் சாப்பிடுகிறவர்கள் இந்தக் கடைசிக் கேள்வியை முதல் நாளே கற்றுக்கொள்ளுங்கள், பார்த்தால் தெரியாது. வெள்ளவத்தையில் ஓர் ஆண்டு இருந்தும் ஒரு சிங்கள வாக்கியம்கூட எனக்கு வரவில்லை, தேவைப்படவில்லை. பள்ளியின் ஆய்வக உதவியாளரோடு ஓர் ஆண்டு சைகையில் குடித்தனம் நடத்தினேன். இப்போது அவரிடம் அமிலப் புட்டிகளைப் பற்றிச் சரளமாகச் சண்டை போடுகிறேன். அவர் என்னை அக்கா என்கிறார். இரண்டு மொழிக்கும் அந்தச் சொல் பொது.

சாப்பாட்டில் போட்டியே இல்லை, வெள்ளவத்தைதான். மாலையில் சூடாக இடியப்பமும் சொதியும் வாங்கிக்கொண்டு போகும் சுகம் பத்தரமுல்லையில் கிடையாது. ஆனால் புத்தரின் திருநாளான வெசாக் வந்தால் பத்தரமுல்லைத் தெருக்களில் காகிதக் கூட்டு விளக்குகள் ஒளிர்வதையும், தன்சல் பந்தலில் முன்பின் தெரியாதவர் கையைப் பிடித்து இழுத்துச் சாப்பாடு போடுவதையும் பார்க்கலாம். வெள்ளவத்தையில் அதற்கு ஈடு முருகனுக்கான ஆடிவேல் விழா.

கொட்டாஞ்சேனை, வத்தளை, தெஹிவளை என்று வேறு பெயர்களும் காதில் விழும். கொட்டாஞ்சேனையில் பொன்னம்பலவாணேசர் கோயில் அருகில், தமிழ் தாராளம். பள்ளி கிழக்கே என்றால் ஊரைக் குறுக்கே கடக்கும் தொல்லை அங்கிருந்தும் தீராது. தெஹிவளை ஏறக்குறைய வெள்ளவத்தையின் நீட்சி. நெரிசல் இன்னும் பத்து நிமிடம் கூடும். அவ்வளவுதான்.

என் தராசை ஆட்டியது என் அம்மா. பத்தரமுல்லை வீட்டுக்கு மூன்று மாதம் தங்க வந்தார். பகலில் நான் பள்ளியில். அவருக்குக் கதைக்க ஆளில்லை. பால்கனியிலிருந்து கால்வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் ஆளுயர நீருடும்பு ஒன்று கரையேறியது. முதலை என்று கூவிக்கொண்டே உள்ளே ஓடி வந்தார். காவலாளி வந்து, "கபரகொயா, அம்மா, ஒன்றும் செய்யாது" என்று அரைத் தமிழில் தேற்றினார். அதற்குப் பிறகு அவரோடுதான் பேச்சு. என்ன மொழியில் பேசிக்கொண்டார்களோ, அவருடைய மகளின் பிரசவத் தேதி வரை அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. இருந்தாலும் வெள்ளிக்கிழமைகளில் வெள்ளவத்தைக்குக் கூட்டிப் போகச் சொல்வார். மயூரபதி அம்மன் கோயிலில் ஒரு மணி நேரம், அன்ரி வீட்டில் இரண்டு மணி நேரம். திரும்பும் வழியெல்லாம் அன்ரி சொன்ன கதைகள்தான்.

தனியாக வருகிறவர், பள்ளி கிழக்குப் பக்கம் என்றால் பள்ளி அருகிலேயே இருங்கள். சிங்களமும் வரும், மாலைப் பொழுதும் உங்களுடையதாக இருக்கும். பெற்றோரோடு வருகிறவர் வெள்ளவத்தையில் குடியிருந்து, பஸ்ஸில் போகும் அந்த ஒரு மணி நேரத்தைத் தாமே சுமப்பது நல்லது. வீட்டில் இருக்கிறவர்கள் பேச்சுத் துணையில்லாமல் கிடக்க வேண்டாம். எனக்கு ஆகஸ்டில் வீட்டு ஒப்பந்தம் முடிகிறது. அம்மா இந்த முறை ஆறு மாதம் இருப்பதாகச் சொல்கிறார். போன வாரம் அன்ரி அழைத்தார். அனெக்ஸ் சும்மாதான் கிடக்கிறதாம். நான் ஒன்றும் கேட்காமலே, தனி மீட்டர் போட்டாயிற்று பிள்ளை என்றார்.