வார்ப்பிரும்பு அச்சு முறுக்கு அச்சு: மூன்று டிசம்பர் பயன்படுத்திய பின்

நாகர்கோவிலில் என் மாமியார் வீட்டுக்கு அருகிலுள்ள ஒரு பாத்திரக் கடையில் 2022ஆம் ஆண்டு அக்டோபரில் 480 ரூபாய் கொடுத்து வாங்கிய வார்ப்பிரும்பு அச்சு ஒன்றை, மூன்று கிறிஸ்துமஸ் காலங்கள் முழுமையாகப் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன். எட்டு இதழ்கள் கொண்ட ஒரே பூ, அதனோடு சேர்த்தே பொருத்தப்பட்ட நீண்ட இரும்புக் கம்பி, கம்பியின் நுனியில் மரப்பிடி, அவ்வளவுதான் அதன் அமைப்பு. எடை ஏறத்தாழ அரைக் கிலோ இருக்கும். பெட்டி, பெயர், செய்முறைத் தாள் எதுவும் அதனோடு வரவில்லை.

இதை வாங்குவதற்கு முந்தைய ஆண்டு, இணையத்தில் ஒட்டாத பூச்சுடன் விற்கப்படும் அச்சுத் தொகுப்பு ஒன்றை வாங்கியிருந்தோம். பூ, நட்சத்திரம், பட்டாம்பூச்சி என்று ஆறு வடிவங்கள், ஒரே பிடியில் திருகி மாற்றிக்கொள்ளும் வசதி என்று பார்வைக்கு மிக அழகாக இருந்தது. ஆனால் அச்சு முறுக்கின் செயல்முறையே மாவு முதலில் அச்சைப் பற்றிக்கொள்ள வேண்டும், வெந்த பிறகு தானாக விட்டுவிட வேண்டும் என்பதுதான். அந்தப் பூச்சில் மாவு பற்றவே இல்லை. பற்றியதும் எண்ணெயில் இறங்குவதற்குள் வழுக்கி விழுந்தது. போதாததற்கு, கொதிக்கும் எண்ணெயில் சூடேறச் சூடேறத் திருகாணி தளர்ந்து, பூவே கழன்று இருப்புச்சட்டிக்குள் விழுந்தது. பிள்ளைகள் அருகில் நின்றிருந்த நேரம் அது. அன்றைக்கே அதைப் பரணில் போட்டுவிட்டோம்.

வார்ப்பிரும்பு ஏன் சரியாக வருகிறது என்பதை முதல் ஆண்டிலேயே புரிந்துகொண்டோம். சூடான அச்சைக் குளிர்ந்த மாவில் தோய்க்கும் அந்த ஒரு கணத்தில், மாவின் மேல்படலம் வெந்து இறுகி அச்சோடு நிற்கிறது. அதற்கு அச்சு தன் சூட்டை இழக்காமல் இருக்க வேண்டும். கனமான இரும்பு அந்தச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, மெல்லிய அலுமினிய அச்சோ மாவைத் தொட்டதும் ஆறிவிடுகிறது. சூடு குறைந்தால் மாவு பிடிக்காது, மிகுந்தால் சுருண்டு உதிர்ந்துவிடும். என் மாமியாரிடம் இருப்பது அவருடைய தாயார் கொடுத்த பித்தளை அச்சு. அதன் இதழ்கள் தேய்ந்து மெலிந்துவிட்டன, ஆனாலும் இன்று வரை ஒரு முறுக்குகூட அதில் ஒட்டியதில்லை. அதைக் கையில் பிடித்துக்கொண்டு, “அச்சு காயணும் மக்களே, அவசரப்பட்டா மாவு பிடிக்காது” என்று அவர் எனக்குச் சொன்னது திருமணமான முதல் டிசம்பரில். நான் பாளையங்கோட்டையில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் இதை அச்சு முறுக்கு என்போம், குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியிலும் கேரளத்திலும் அச்சப்பம் என்பார்கள். இலங்கையில் சித்திரைப் புத்தாண்டுக்குச் செய்யும் கொக்கிஸும் இதே அச்சில் பிறப்பதுதான். அந்தப் பெயர் டச்சுக்காரர்களின் மொழியிலிருந்து வந்தது.

புதிய அச்சைப் பழக்குவதுதான் இந்தப் பொருளின் மிகக் கடினமான பகுதி, அதைப் பற்றிக் கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாமியார் தொலைபேசியில் சொல்லித் தந்தபடி, மூன்று நாள்கள் அரிசி கழுவிய நீரில் ஊறவைத்து, ஒவ்வொரு நாளும் நீரை மாற்றி, தேங்காய் நார் கொண்டு தேய்த்துக் கழுவினோம். பிறகு துடைத்து, நல்லெண்ணெய் தடவி ஒரு வாரம் வைத்திருந்து, இறுதியாகச் சூடான எண்ணெயில் அரை மணி நேரம் மூழ்க வைத்து ஆறவிட்டோம். இவ்வளவு செய்தும் முதல் பன்னிரண்டு முறுக்குகள் பிய்ந்துதான் வந்தன. பதின்மூன்றாவது முறுக்கு இதழ் குலையாமல் எண்ணெயில் தனியே மிதந்தபோது, என் கணவர் அடுப்படியிலிருந்து பிள்ளைகளைக் குரல் கொடுத்து அழைத்தார். இரண்டாம் ஆண்டு மூன்றே முறுக்குகள் பிய்ந்தன. 2024ஆம் ஆண்டில் முதல் முறுக்கே முழுதாக வந்தது. ஆண்டு கூடக் கூட மேம்படும் பொருள் இது என்பதை வாங்க நினைப்பவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

நாங்கள் தாம்பரத்தில் வசிக்கிறோம், இருவரும் வேலைக்குச் செல்கிறோம். டிசம்பர் என்பது எனக்கு அரையாண்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்தும் மாதம், அவருக்கு அலுவலகத்தில் ஆண்டு முடிவுக் கணக்குகள். முதல் தேதியன்று பால்கனியில் நட்சத்திரம் கட்டுவதும், கிறிஸ்துமஸ் பாடல்கள் பாடிக்கொண்டு சபையின் கீத பவனி எங்கள் தெருவுக்கு வரும் இரவில் பிள்ளைகளை விழித்திருக்க வைப்பதும், குடிலுக்கு வைக்கோல் தேடுவதுமாக நாள்கள் ஓடிவிடுகின்றன. திருமணமான தொடக்க ஆண்டுகளில் பலகாரத்தைக் கடையிலேயே வாங்கிவந்தோம். இந்த அச்சு வந்த பிறகு டிசம்பர் மூன்றாம் வாரத்தில் இரண்டு மாலைகளை அதற்கென்று ஒதுக்கி வைக்கிறோம். அந்த இரண்டு மாலைகளிலும் வேறு எந்த வேலையையும் ஒத்துக்கொள்வதில்லை.

இருவர் வேண்டும் என்பதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் தனி ஒருவர் இந்த அச்சை வைத்துக்கொண்டு ஒரு கிலோ மாவை முடிப்பது மிகுந்த சிரமம். எங்கள் வீட்டில் அச்சு அவர் கையில், ஈர்க்குச்சி என் கையில். அச்சை எண்ணெயில் காயவைத்து, மாவில் முக்கால் பங்கு உயரம் மட்டும் தோய்த்து, மறுபடி எண்ணெயில் இறக்கி, ஓரங்கள் சிவக்கத் தொடங்கும்போது மெல்ல அசைத்து விடுவிப்பது அவர் வேலை. அச்சின் மேல்விளிம்பை மாவு தாண்டிவிட்டால் முறுக்கு கழலவே கழலாது, ஆகவே கண்ணைப் பிசகவிடாமல் நிற்க வேண்டும். விடுபட்ட முறுக்கைத் திருப்பிப் போட்டு, பொன்னிறத்தில் எடுத்து, எண்ணெய் வடிய நிறுத்திவைத்து, அடுத்த முறை தோய்ப்பதற்கு முன் அடியில் தங்கும் எள்ளை மாவோடு கலக்கிக் கொடுப்பது என் வேலை. ஒரு கிலோ பச்சரிசியை ஊறவைத்து நிழலில் உலர்த்தி இடித்த மாவு, இரண்டு தேங்காயின் கெட்டிப் பால், நான்கு முட்டை, 400 கிராம் சர்க்கரை, கறுப்பு எள், சிறிது உப்பு என்ற எங்கள் கணக்குக்கு 110 முறுக்குகளுக்கு மேல் கிடைக்கின்றன. மாவு தோசை மாவைவிடச் சற்று இளக்கமாக இருக்க வேண்டும். ஒரே அச்சில் இத்தனையும் சுட்டு முடிக்க இரண்டரை மணி நேரம் ஆகிறது. அந்த இரண்டரை மணி நேரத்தில், ஆண்டு முழுவதும் பேச நேரமில்லாமல் தள்ளிப்போட்ட எல்லாவற்றையும் பேசிவிடுகிறோம். மகளின் பள்ளி மாற்றத்தை முடிவு செய்தது அங்கேதான். அவருடைய தந்தையார் மறைந்த ஆண்டில், அவர் முதன்முதலாகத் தந்தையைப் பற்றி நிறுத்தாமல் பேசியதும் அந்த அடுப்பின் முன் நின்றபோதுதான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கம்பி நீளமாக இருந்தாலும் மரப்பிடி சிறியது, முக்கால் மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து பிடித்தால் மணிக்கட்டு வலிக்கிறது. நாங்கள் பிடியின் மேல் பருத்தித் துணி சுற்றிக் கட்டியிருக்கிறோம், அது போதுமானதாக இருக்கிறது. இரண்டாவது குறை துரு. சென்னையின் டிசம்பர் மழை ஈரத்தில் ஒரே இரவு கவனிக்காமல் விட்டாலும் இதழ்களின் உட்புறம் செம்மை படிந்துவிடுகிறது. சோப்பு போட்டு அழுத்தித் தேய்த்தால் பழக்கிய பழக்கம் குறைந்துவிடக்கூடும், ஆகவே சூடு ஆறியதும் துணியால் துடைத்து எண்ணெய் தடவி வைப்பதே எங்கள் வழி. மூன்றாவதாக, இதற்குக் குழிவான, ஆழமான இருப்புச்சட்டி வேண்டும். தட்டையான அடியுள்ள வாணலியில் அச்சு முழுதாக மூழ்குமளவு எண்ணெய் ஊற்றினால் செலவு தாங்காது, தட்டையான பாத்திரம் மட்டுமே வைக்கக்கூடிய மின்காந்த (இண்டக்‌ஷன்) அடுப்பு மட்டும் உள்ளவர்கள் இதை யோசித்துக்கொள்ளட்டும்.

சுட்ட முறுக்குகள் ஆறியதும் காற்றுப் புகாத தகர டப்பாவில் அடுக்கினால் புத்தாண்டு வரை மொறுமொறுப்பு குறைவதில்லை. இதழ்கள் நடுவே வெற்றிடத்தோடு மெல்லியதாக அமைவது இந்த அச்சின் சிறப்பு, கடையில் வாங்கும் முறுக்குகள் பெரும்பாலும் தடித்திருக்கின்றன. கிறிஸ்துமஸ் அன்று விடியற்காலை ஆராதனை முடிந்து வந்ததும், தீபாவளிக்கு எங்களுக்குப் பலகாரம் கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் முந்திரிக்கொத்தும் கேக்கும் அச்சு முறுக்கும் வைத்த தட்டுகளைப் பிள்ளைகள் கொண்டு போகிறார்கள். முன்பு கடைப் பலகாரம் போனபோது தட்டு திரும்பி வரும், அவ்வளவுதான். இப்போது எதிர்வீட்டு அம்மா செய்முறை கேட்கிறார். மறுநாள் நாகர்கோவில் செல்லும் ரயிலில் ஒரு டப்பா எங்களோடு வருகிறது. 2024இல் அதைத் திறந்து ஒன்றை எடுத்த மாமியார், வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்து இதழ்களைப் பார்த்துவிட்டு, தன் பித்தளை அச்சை இனி வெளியே எடுக்க வேண்டியதில்லை என்றார். நான் அதை ஏற்கவில்லை, அவருடைய அச்சிலும் ஒரு கிலோ சுட்டுவிட்டுத்தான் 31ஆம் தேதி இரவு ஆராதனைக்குப் புறப்பட்டோம்.

எங்களுடைய மூன்று டிசம்பர்களையும் வைத்துச் சொன்னால், இந்த வார்ப்பிரும்பு அச்சு 480 ரூபாய்க்குப் பல மடங்கு மதிப்புள்ளது. ஆறு வடிவங்கள் உள்ள தொகுப்பைவிட ஒற்றைப் பூவும் கனமும் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். பிடியில் திருகாணி இருந்தால் கடையிலேயே இழுத்துப் பாருங்கள், பூவின் அடிப்பகுதி மேடு பள்ளமின்றிச் சமமாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். வரும் கிறிஸ்துமஸுக்கு வேண்டுமானால் அக்டோபரிலேயே வாங்கிப் பழக்கத் தொடங்கிவிடுங்கள். டிசம்பர் 20ஆம் தேதி வாங்கி வந்து 24ஆம் தேதி சுடலாம் என்று எண்ணினால், முதல் ஆண்டில் எங்களுக்கு நேர்ந்ததைவிட அதிக முறுக்குகள் பிய்ந்து போகும்.