உள்நாட்டு மீன்களுடன் ஆறு ஆண்டுகள்: தொட்டிக்குள் ஒரு மழைக்காலம்

ஃபிலமென்ட் பார்ப் என்னும் நம் நன்னீர் மீனின் எட்டுக் குஞ்சுகளைக் கொண்டுவந்து தொட்டியில் விட்ட அன்று வீட்டில் யாரும் அவற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. விரல் நீளம், வெளிறிய வெள்ளி உடம்பு, குறுக்கே கறுப்புப் பட்டைகள், அவ்வளவுதான். இன்று வீட்டுக்கு வருகிறவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவது அந்தத் தொட்டியின் முன்னால்தான். வளர வளரப் பட்டைகள் மறைந்தன. வாலுக்குச் சற்று முன்னால் நீள்வட்டமாக ஒரு கரும்புள்ளி நின்றது. வாலின் இரு நுனிகளிலும் சிவப்பும் கறுப்பும் ஏறின. ஆண் மீன்களின் முதுகுத் துடுப்புக் கதிர்கள் நூல் நூலாக நீண்டு பின்னால் அலைகின்றன. இந்த நிறம் கடைத் தொட்டியில் தெரியாது. ஓராண்டு பொறுத்திருக்க வேண்டும்.

என்னிடம் இப்போது இருப்பவை மூன்று தொட்டிகள். நான்கடித் தொட்டியில் இந்த பார்ப் கூட்டமும், மலபார் டேனியோக்கள் பத்தும். இரண்டடித் தொட்டியில் ஒரே ஒரு ஜோடி ஆரஞ்சு குரோமைட். மூன்றாவது, அகலமான ஆழமில்லாத சிறு தொட்டி. அதில் சூடோஸ்ஃப்ரோமினஸ் குபானஸ் என்னும், சுண்டுவிரல் அளவேயான மீன். எல்லாமே தென்னிந்திய நீர்நிலைகளுக்குச் சொந்தமானவை. குபானஸ் என்ற பெயரே புதுச்சேரியை ஒட்டிய அரியாங்குப்பம் ஆற்றிலிருந்து வந்தது. 1831இல் பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே அதை அங்கு கிடைத்த மீனை வைத்துத்தான் விவரித்தார். நம் ஆற்றின் பெயரைச் சுமக்கும் மீனை நம்மில் பெரும்பாலோர் பார்த்ததே இல்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

தொடக்கத்தில் நடந்த ஒரு தவற்றைச் சொல்லிவிடுகிறேன். மீன் விடுமுன் ஐந்து வாரம் வெறும் தொட்டியை ஓடவிட்டு, மீன் கழிவிலிருந்து வரும் நச்சு அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதே போல் நச்சான நைட்ரைட்டை ஆபத்து குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாவை ஒழுங்காகவே வளர்த்திருந்தேன். ஆறு மாதம் கழித்து ஸ்பாஞ்ச் ஃபில்டர் அழுக்காக இருக்கிறதே என்று அதைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று கழுவினேன். வளர்த்த பாக்டீரியா முழுவதும் போனது. மூன்றாம் நாள் மீன்கள் மேல்மட்டத்தில் வாய் பிளந்து மூச்சு வாங்கின, நான்கு இறந்தன. அன்று முதல் ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே, இரண்டு முறை பிழிந்துவிட்டு வைப்பதோடு சரி. அது பார்க்க அழுக்காக இருப்பதுதான் மீனுக்கு நல்லது.

இனி, இதை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன். முதல் இரண்டு ஆண்டுகள் பார்ப்கள் முட்டையிடவே இல்லை. நல்ல தண்ணீர், வாரம் தவறாமல் கால் பங்கு மாற்றம், 27 டிகிரியில் அசையாத வெப்பம், நல்ல இரை. பெண் மீன்கள் வயிறு திரண்டு நிற்கும். பிறகு எதுவும் நடக்காமல் வற்றிவிடும். மூன்றாம் ஆண்டுக் கோடையில் வேலைப் பளுவில் ஒரு மாதத்துக்கு மேல் தண்ணீர் மாற்ற முடியவில்லை. மட்டம் நன்றாகவே இறங்கியது. கரைந்த உப்புகளின் அளவு லிட்டருக்கு 380 மில்லிகிராமிலிருந்து 460 வரை ஏறியது. தொட்டி வெதுவெதுப்பாகிவிட்டது. பிறகு பெய்த மழையில் மொட்டைமாடி நீரைப் பிடித்து, முதல் அரை மணி நேரத்துத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு, மீதியைத் தொட்டியில் பாதிக்குப் பாதி மெதுவாக ஊற்றினேன். வெப்பம் 25க்கு இறங்கியது.

மறுநாள் விடியலில் தண்ணீர் சலசலக்கும் சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன். ஆண்கள் இரண்டு, உதட்டுக்கு மேலே உப்புத் தூவியதுபோல் வெண்பருக்கள் முளைத்திருக்க, ஒரு பெண்ணை வேலம்பாசிக் கொத்துக்குள் தள்ளிக்கொண்டு போயின. மூன்றும் பக்கவாட்டில் ஒட்டி நடுங்கிய ஒரு நொடியில் பாசிக்குள் முட்டைகள் சிதறின. ஒவ்வொன்றும் கண்ணாடி மணிபோல, கடுகைவிடச் சிறியது. மற்ற மீன்கள் அவற்றைத் தின்னப் பாய்ந்துகொண்டிருந்ததையும் பார்த்தேன். அன்று ஒரு முட்டைகூடத் தப்பவில்லை. ஆனால் இரண்டாண்டாக நான் எங்கே தவறினேன் என்பது விளங்கிவிட்டது. இந்த மீன்களுக்குக் கோடை வேண்டும். கோடை முடிவும் வேண்டும். தண்ணீர் வற்றிக் கனத்து, பிறகு குளிர்ந்த மென்மையான புதுநீர் வந்து சேர்வதுதான் ‘இப்போது முட்டையிடு’ என்று அவற்றுக்குச் சொல்கிறது. ஆண்டு முழுவதும் ஒரே நிலையில் தொட்டியை வைத்திருந்தால் அந்தச் செய்தி போவதே இல்லை.

அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் இதை வேண்டுமென்றே செய்கிறேன். ஐந்து வாரம் மட்டத்தை இறங்கவிடுகிறேன். அந்த நாட்களில் நைட்ரைட்டை இரண்டு நாளுக்கொரு முறை பார்த்துக்கொள்கிறேன். அது தலைகாட்டினால் கோடையை அத்தோடு நிறுத்திவிட வேண்டும். பிறகு திரண்ட பெண் ஒன்றையும் ஆண் இரண்டையும் தனித் தொட்டிக்கு மாற்றுகிறேன். அதன் தரையில் கோலிக்குண்டுகளை இரண்டடுக்காகப் பரப்பியிருப்பேன். முட்டைகள் இடுக்குகளில் விழுந்துவிடும். பெற்றோரின் வாய் அங்கே எட்டாது. முட்டையிட்டதும் பெரிய மீன்களை எடுத்துவிட வேண்டும். ஒன்றரை நாளில் பொரிக்கும். கண்ணாடியில் ஊசி ஊசியாக ஒட்டிக்கிடக்கும் குஞ்சுகள் அடுத்த இரண்டு நாளில் நீந்தும். கடைசியாக எடுத்த ஈட்டில் 130 குஞ்சுகள் இரண்டு மாதம் தாண்டின.

குரோமைட் கதையே வேறு. அதற்கு மழையும் வேண்டாம், மாதமும் வேண்டாம். பிடித்த துணையும் தொந்தரவில்லாத மூலையும் போதும். ஆண் எது, பெண் எது என்று பார்வையில் சொல்வது கடினம். அதனால் ஆறு குஞ்சுகளை ஒன்றாக வளர்த்து, அவையாகவே ஜோடி சேரட்டும் என்று விட்டேன். ஜோடி சேர்ந்ததும் மற்ற நான்கையும் உடனே வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டியிருந்தது, அவ்வளவு துரத்தல். கழிமுகத்து உவர்நீரிலும் நன்னீரிலும் வாழும் மீன் இது. என் அனுபவத்தில் கடினநீரும், லிட்டருக்கு 2 கிராம் கடல் உப்பும் சேர்த்தபோது முட்டையில் பூசணம் பிடிப்பது வெகுவாகக் குறைந்தது.

முதல் மூன்று ஈடுகளையும் அவையே தின்றுவிட்டன. இளம் ஜோடிகள் அப்படித்தான். பதறி முட்டையைப் பிரித்தெடுக்காதீர்கள். நான்காவது முறை, சாய்ந்து நின்ற ஓட்டின் அடிப்பக்கத்தில் வரிசை வரிசையாக ஏறத்தாழ 200 முட்டைகள். ஒன்று மாற்றி ஒன்று காவல். ஒன்று மார்புத் துடுப்பால் விசிற, மற்றது வெள்ளையாகிப்போன முட்டையை வாயால் கவ்வி எடுத்துப்போய் அப்பால் துப்பும். ஐந்தாம் நாள் பொரித்தவுடன் குஞ்சுகளை வாயில் அள்ளி, மணலில் முன்பே தோண்டி வைத்திருந்த குழிக்கு மாற்றின. ஒரே இரவில் மூன்று குழிகள் மாறின.

குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய வாரம்தான் என் ஆறாண்டுகளில் மறக்க முடியாதது. அவை தாயின் விலாவையும் தந்தையின் விலாவையும் நெருங்கி, ஒரு கணம் தொட்டு, கொத்தி, விலகும். பெற்றோர் உடம்பின் சளிப்படலம்தான் அவற்றின் உணவு. ஐம்பது அறுபது குஞ்சுகள் மாறி மாறிக் கொத்தினாலும் அந்தத் தாய் அசையாமல் நிற்கும். நான் கையை மேலே கொண்டுபோனால் போதும். கரியாகக் கறுத்த இடுப்புத் துடுப்புகளைப் பட்பட்டென்று விரித்து மூடும். அத்தனை குஞ்சுகளும் அவள் வயிற்றுக்குக் கீழே ஓடி ஒண்டிக்கொள்ளும். இதே மீன், கேரளத்தில் கரிமீன் என்று பெயர் பெற்ற தன் பெரிய உறவினத்தின் உடம்பிலுள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்திச் சுத்தம் செய்யும் என்பதும் ஆய்வாளர்கள் கண்டு எழுதிய செய்தி.

குபானஸுக்கு ஒரு சாண் தண்ணீர் போதும். காய்ந்த வாதுமை இலை மூன்று, மிதக்கும் பாசி, மேலே காற்று புகாதபடி இல்லாமலும் முழுக்கத் திறக்காமலும் ஒரு கண்ணாடி மூடி. வெளிக்காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் மீன் என்பதால் நீர்மட்டத்துக்கு மேலேயுள்ள காற்று வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஆண் இலையின் அடியில் நுரைக்கூடு கட்டும். முட்டையிடும் நேரத்தில் பெண்தான் உடம்பெல்லாம் கறுத்துவிடும். முதல்முறை பார்த்தபோது நோய் என்றே நினைத்துப் பயந்தேன். ஆண் வளைந்து பெண்ணைத் தழுவ, வெண்ணிற முட்டைகள் கீழே விழும். இரண்டும் கீழே பாய்ந்து அவற்றைப் பொறுக்கிக் கூட்டில் ஒட்டும். பொரிக்க இரண்டு நாள். நீந்த இன்னும் இரண்டு மூன்று நாள். குஞ்சு அத்தனை சிறியது, குஞ்சுகளுக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஆர்டிமியா என்னும் நுண்ணிய உப்புநீர் இறால்கூட அதன் வாய்க்குப் பெரிது. பழைய தொட்டி நீரில் காய்ந்த இலையை ஊறவைத்து வளர்த்த நுண்ணுயிர் நீரைத்தான் முதல் பத்து நாள் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தேன். இதைப் பத்து நாள் முன்னதாகவே தயார் செய்யாவிட்டால் ஒரு குஞ்சும் தேறாது. முதல் ஈட்டை நான் இழந்தது இதனால்தான்.

மற்றபடி பெரிய மீன்களுக்கு நீர்த்தெள்ளு, கொசுப்புழு, வாரத்தில் நான்கு நாள் உலர் இரை. டேனியோக்களுக்கு மூடி கட்டாயம். விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் குதித்துவிடும். மின்தடைக்கு ஒரு பேட்டரி காற்றுப் பம்பு எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.

‘மிஸ் கேரளா’ என்னும் டெனிசன் பார்பை ஏன் வைக்கவில்லை என்று பலர் கேட்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் மட்டுமே வாழும் அந்த மீன், அலங்கார மீன் வணிகத்துக்காக அளவின்றிப் பிடிக்கப்பட்டு, அழியும் ஆபத்தில் உள்ள இனமாக சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. ஹார்மோன் ஊசி கொடுத்து அதை இனப்பெருக்கம் செய்ய வைக்கிறார்கள். அப்படிப் பிறந்தது என்று உறுதியாகத் தெரிந்த மீன் கிடைத்தால், அதுவும் ஓடும் நீரும் ஆறடித் தொட்டியும் அமைந்தால் வைப்பேன். ஆற்றில் பிடித்ததை வாங்க எனக்கு மனம் வராது.

மிச்சமாகும் குஞ்சுகளை ‘உள்நாட்டு மீன்தானே, குளத்தில் விட்டுவிடுங்கள்’ என்று சொல்பவர்களும் உண்டு. கூடவே கூடாது. தொட்டி நோய் குளத்துக்குப் போகும். வேறோர் ஆற்றின் மரபு அங்குள்ள மீனோடு கலக்கும். என் குஞ்சுகள் தொட்டி தயாராக வைத்திருப்பவர்களிடம் மட்டுமே போகின்றன. அவர்கள் தங்கள் தொட்டியின் நைட்ரைட் சோதனை முடிவைக் காட்டிய பிறகுதான் பையைக் கட்டிக் கொடுக்கிறேன். நான்கடித் தொட்டியில் இப்போது மட்டம் நான்கு விரல் இறங்கியிருக்கிறது. பெண் மீன்கள் மூன்று திரண்டுவிட்டன. மொட்டைமாடிக் குழாயின் கீழே டிரம்மைக் கழுவி வைத்திருக்கிறேன்.