ஜார்ஜ்டவுன் ஆலய நடைப்பயணம்: பினாங்கு ரோட்டில் இன்னும் சற்று நின்றிருக்கலாம்

மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுனில் உள்ள கத்தோலிக்க ஆலயங்களை வழிகாட்டியோடு சுற்றிக் காட்டும் சனிக்கிழமைக் காலைப் பயணம் ஒன்றில் உறவினர்களோடு கலந்துகொண்டேன். கொடுத்த கட்டணத்திற்கு முழுத் தகுதியுள்ள பயணம்தான். ஆனாலும் தமிழர் ஆலயத்தைக் காட்டிய விதத்தில் எனக்கு மனம் நிறையவில்லை.

பார்குவார் ஸ்திரீட்டில் உள்ள விண்ணேற்பு மாதா ஆலயத்தில் பயணம் தொடங்குகிறது. 1786 ஆகஸ்டில் பிரான்சிஸ் லைட் தீவை ஆங்கிலேயர் வசமாக்கிய அதே மாதத்தில், கெடாவிலிருந்து பிரெஞ்சு ஆயர் கார்னோவோடு கடல் கடந்து வந்த சிராணிக் (ஐரோப்பிய-ஆசியக் கலப்பு வம்சாவளி) குடும்பங்கள் மாதாவின் விண்ணேற்புத் திருநாளையொட்டிக் கரை சேர்ந்ததையும், அதனால்தான் ஆலயத்திற்கு இந்தப் பெயர் அமைந்ததையும் வழிகாட்டி நிதானமாகச் சொன்னார். 1955இல் பினாங்கு மறைமாவட்டம் உருவானபோது இதுவே பேராலயமாயிற்று. 2003இல் அந்தத் தகுதி கிரீன் லேனில் உள்ள பரிசுத்த ஆவி ஆலயத்திற்கு மாறியது. எல்லோரையும் அண்ணாந்து பார்க்க வைத்தது 1916இல் நிறுவப்பட்ட குழல் ஆர்கன். காற்று எப்படிக் குழல்களுக்குள் செல்கிறது, குழலின் நீளத்திற்கேற்ப ஒலி எப்படிக் கனத்தும் மெலிந்தும் மாறுகிறது என்று சிறுவர்களுக்கும் புரியும்படி அவர் விளக்கியது பாராட்டத்தக்கது.

அடுத்து வேனில் புலாவ் தீக்குஸ் பகுதிக்குச் சென்றோம். பயணத்தின் சிறந்த பகுதி இதுதான். அயுத்தியாவில் தொடங்கிப் பல இடங்களுக்கு அலைந்த குருத்துவக் கல்லூரி 1808இல் பினாங்கில் நிலைகொண்டது. அங்கே 1821இல் கற்பித்த பிரெஞ்சுக் குரு இம்பேர் அடிகளார் பின்னர் கொரியாவின் ஆயராகி, 1839இல் அங்கே தலை வெட்டிக் கொல்லப்பட்டார். 1984இல் புனிதராக உயர்த்தப்பட்டார். ஆசியாவின் பல நாடுகளுக்குக் குருக்களை அனுப்பிய இடம் நம் ஊர்ச் சந்தைக்கு இவ்வளவு அருகில் இருந்தது என்பதை நம் பிள்ளைகள் கட்டாயம் அறிய வேண்டும். அமலோற்பவ மாதா ஆலயத்தைச் சுற்றியிருந்த சிராணிகளின் குடியிருப்பான கம்போங் சிராணி 1990களில் இடிக்கப்பட்ட கதையையும் வழிகாட்டி மறைக்காமல் சொன்னார்.

மெக்காலிஸ்டர் ரோட்டில் சீனர்களுக்கென எழுந்த வியாகுல மாதா ஆலயத்தை விரைவாகப் பார்த்துவிட்டு, பினாங்கு ரோட்டிலுள்ள புனித சவேரியார் ஆலயத்திற்கு வந்தோம். 19ஆம் நூற்றாண்டில் தமிழ்க் கத்தோலிக்கருக்காக அமைந்த ஆலயம் இது. இங்கேதான் பயணம் சறுக்கியது. ‘இது இந்தியர்களின் சர்ச்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, வழிகாட்டி வாசலிலேயே எங்களைத் திருப்பினார். “தம்பி, எங்க ஆளுங்க எந்த ஊருலேருந்து வந்தாங்க, இந்தக் கோயில எப்படிக் கட்டுனாங்கன்னு ஒண்ணுமே சொல்லலையே” என்று என் அத்தை கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் வரவில்லை.

ஒரே நகரில், நடந்து போகும் தூரத்தில், இத்தனை ஆலயங்கள் ஏன் எழுந்தன என்பதற்கான விடையே இந்த இடத்தில்தான் இருக்கிறது. பூசை அன்று லத்தீனில் நடந்தது. ஆனால் மறையுரையையும் பாவசங்கீர்த்தனத்தையும் அவரவர் மொழியில்தான் நடத்த முடியும். அதனால் சிராணிகளுக்கும் சீனர்களுக்கும் தமிழர்களுக்கும் தனித்தனிக் கோயில்கள் தேவைப்பட்டன. தனித்தனியாகத் தொடங்கிய இந்த நகர ஆலயங்கள் இன்று ஒரே நகரப் பங்கின் (ஆலய நிர்வாகப் பிரிவின்) கீழ் வந்திருக்கும் வரலாற்றைச் சொல்லாமல் விட்டால், முன்னே சொன்னவையெல்லாம் பிரெஞ்சுக் குருக்களின் பயணக் குறிப்புகளாகச் சுருங்கிவிடுகின்றன. நடத்துபவர்கள் தமிழ்ப் பங்கு மக்களில் மூத்த ஒருவரை அழைத்துப் பேசச் செய்தாலே இந்தக் குறை தீரும். இதை அவர்களிடம் எழுத்திலும் தெரிவித்திருக்கிறேன்.

போக விரும்பும் குடும்பங்கள் தமிழில் விளக்கம் வேண்டுமென்று பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். சவேரியார் ஆலயத்திற்குக் கூடுதல் நேரமும் கேளுங்கள். சனிக்கிழமையில் திருமணத் திருப்பலி இருந்தால் உள்ளே செல்ல இயலாது என்பதால், அதையும் முன்கூட்டியே விசாரிப்பது நல்லது. முதியோருக்கு வேன் வசதி உண்டு, குடிநீரும் தருகிறார்கள்.