பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எந்தத் தளத்தைப் பார்ப்பது? திருகோணமலைப் பெற்றோருக்கு ஓர் ஒப்பீடு

பிள்ளையின் நோயைப் பற்றித் தமிழில் தேடினால் மேலே வருபவை பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பத்திரிகைகளின் மருத்துவப் பக்கங்களும் யூடியூப் காணொளிகளும்தான். ஆங்கிலத்தில் தேடினால் பிரித்தானியாவின் அரச சுகாதார சேவையான என்.எச்.எஸ்., அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கத்தின் ஹெல்தி சில்ட்ரன் போன்றவை வரும். நம்முடைய சுகாதார அமைச்சின் பக்கங்கள் எங்கோ அடியில் கிடக்கும். வருவதில் பல பிழையானவை அல்ல, எழுதப்பட்ட நாட்டுக்குச் சரியானவை. கிண்ணியாவிலோ மூதூரிலோ இருக்கும் பிள்ளைக்கு அப்படியே பொருந்துமா என்பதில்தான் சிக்கல். அதனால் தளங்களுக்கு மொத்தமாகப் புள்ளி போடாமல், பெற்றோர் அதிகம் தேடும் விஷயங்களில் ஒவ்வொன்றும் எப்படி நிற்கிறது என்று பார்ப்பதே பயன்.

தடுப்பூசி

இதில் போட்டியே இல்லை. சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவின் தளமும், கிளினிக்கில் தந்த பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேடும் போதும். ஐந்து நோய்க்கான (பென்டாவலன்ட்) ஊசிக்கு இந்தியப் பக்கம் 6, 10, 14 கிழமை என்று சொல்லும். இங்கே 2, 4, 6 மாதம். அங்கே அரச அட்டவணையில் 9 மாதத்தில் தட்டம்மை-ருபெல்லா ஊசி. இங்கே 9 மாதத்திலும் 3 வயதிலும் கூகைக்கட்டும் சேர்ந்த எம்.எம்.ஆர். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி இங்கே 12 மாதத்தில் எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. இந்தியாவில் நோய் பரவும் மாவட்டங்களில் மட்டும். சென்னை வைத்தியரின் காணொளியைப் பார்த்துவிட்டு "எங்கட பிள்ளைக்கு ஊசி தவறிப்போச்சு" என்று மிட்வைஃபிடம் ஓடுவது இதனால்தான்.

அரச தளங்களின் குறை வேறு. பல பழைய தமிழ் ஆவணங்கள் பாமினி எழுத்துருவில் அடித்து பி.டி.எஃப். ஆக ஏற்றப்பட்டவை. யுனிகோட் இல்லாததால் தமிழில் தேடினால் கூகுளுக்கு அவை தெரியாது. தேடலோடு தளத்தின் முகவரியையும் சேர்த்து ஆங்கிலத்தில் தேடுங்கள், அல்லது தொற்றுநோயியல் பிரிவு, குடும்ப சுகாதாரப் பணியகம் இரண்டின் முகப்புக்கே போய் அங்கிருந்து தேடுங்கள்.

மருந்தின் அளவு

கவனம் அதிகம் தேவைப்படுவது இங்கேதான். பெரும்பாலான நல்ல தளங்கள் பரசிற்றமோலுக்கு ஏறக்குறைய ஒரே கணக்கைத்தான் வைத்திருக்கின்றன: ஒரு தடவைக்கு, நிறையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை. மாறுவது போத்தல். இங்கே பார்மசியில் கிடைக்கும் பாணி வழக்கமாக 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம். அமெரிக்காவிலும் கனடாவிலும் 160. இந்தியாவில் 125, 250 இரண்டும் உண்டு. அங்கே கைக்குழந்தைக்கான சொட்டு மருந்து மில்லிலீற்றருக்கே 100.

10 கிலோ பிள்ளைக்கு 150 மில்லிகிராம் என்று வைத்தால், நம்மூர்ப் பாணியில் அது 6.25 மில்லிலீற்றர். இந்திய 250 பாணியில் 3, சொட்டு மருந்தில் 1.5. ஆகவே "ஒரு தேக்கரண்டி குடுங்கோ" என்று மில்லிகிராம் சொல்லாமல் சொல்லும் எந்தப் பக்கத்தையும் மூடிவிடலாம். என்.எச்.எஸ். வயதை வைத்து அளவு சொல்கிறது (6 மாதம் முதல் 2 வயது வரை 120 மில்லிகிராம்). அவர்களின் கைக்குழந்தைப் பாணியும் 120 என்பதால் நமக்கு வசதி. ஆனால் நிறை குறைந்த பிள்ளைக்கு வயதுக் கணக்கு கூடிப்போகலாம். பதிவேட்டில் கடைசியாக எழுதிய நிறையை வைத்துக் கணக்குப் பாருங்கள். கனடாவில் 24 மணித்தியாலத்துக்கு 5 தடவை வரை என்பார்கள், பிரித்தானியாவில் 4. இங்கே 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, 4 தடவையோடு நிறுத்துவது நல்லது. 3 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 பாகை செல்சியஸ் வந்தால் கணக்கே வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.

காய்ச்சலும் டெங்குவும்

விளக்கம் என்று பார்த்தால், ரொறன்ரோ சிக்கிட்ஸ் மருத்துவமனையின் அபவுட்கிட்ஸ்ஹெல்த் தளத்தைத்தான் முதலில் சொல்வோம். அங்கே தமிழ்ப் பக்கங்களே உண்டு. மொழிபெயர்ப்பு கொஞ்சம் விறைப்புத்தான், ஆனால் காய்ச்சல் ஏன் வருகிறது, எது ஆபத்தில்லை என்பதைப் பொறுமையாகச் சொல்கிறது.

ஆனால் கனடா, பிரித்தானியா, அமெரிக்கா மூன்றும் காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் அல்லது ஐபுபுரோபன் என்கின்றன. அவர்கள் ஊரில் அது சரி. 2017இல் கிண்ணியாவை டெங்கு எப்படி உலுக்கியது என்று தெரிந்த மாவட்டத்தில், டெங்கு இல்லை என்று தெரியும்வரை ஐபுபுரோபன், அஸ்பிரின், டைக்குளோபினாக் எதுவும் கூடாது, இரத்தக்கசிவைக் கூட்டும். இந்த ஒரு வரிக்காகவே காய்ச்சல் விஷயத்தில் இலங்கைப் பக்கத்தை வெளிநாட்டுப் பக்கத்துக்கு மேலே வைக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக் காணொளிகளில் வேறு ஆபத்து: பப்பாசி இலைச் சாறு, நிலவேம்பு, "பிளேட்லெட் ஏறிச்சு". டெங்குவில் பிள்ளையைக் கவிழ்ப்பது பெரும்பாலும் பிளேட்லெட் (இரத்தத் தட்டுக்கள்) குறைவது அல்ல, இரத்த நாளங்களிலிருந்து நீர் கசிவது. அது காய்ச்சல் இறங்கும் நேரத்தில், 3ஆம் நாளுக்குப் பிறகு தொடங்கும். "காய்ச்சல் விட்டுது, சுகம்" என்று சொல்லும் பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நம்பாதீர்கள். நல்ல பக்கம் இவற்றைச் சொல்லும்: 3ஆம் நாளில் முழு இரத்தப் பரிசோதனை, கடும் வயிற்றுவலி, விடாத சத்தி, கை கால் குளிர்தல், 6 மணித்தியாலம் சலம் போகாமை, சோர்ந்து கிடத்தல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரி, வாகனம் இல்லாவிட்டால் 1990 அம்புலன்ஸ்.

மற்றவை

வயிற்றோட்டத்துக்கு உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப், இலங்கை எல்லாம் ஒரே பேச்சு: ஜீவனி போன்ற உப்புக் கரைசல் (ஓ.ஆர்.எஸ்.). பிழை வருவது பொட்டலத்தில்: இந்தியக் காணொளியில் கரைப்பது 200 மில்லிலீற்றர் சிறு பொட்டலமாக இருக்கலாம், ஒரு லீற்றருக்கான ஜீவனியை அந்த அளவுத் தண்ணீரில் கரைத்தால் உப்புக் கூடிவிடும். பொட்டலத்தில் எழுதியதைத்தான் பார்க்க வேண்டும்.

பேஸ்புக், வட்ஸ்அப் குழுக்கள் எந்த கிளினிக் எந்த நாள் என்று கேட்கப் பரவாயில்லை. மருந்துக்கு வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கொடுக்கச் சொல்லும் ஆட்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். அந்த வயதில் தேனால் பொட்டுலிசம் என்ற ஆபத்தான நஞ்சேற்றம் வரலாம்.

பக்கத்தின் வயதையும் பாருங்கள். என்.எச்.எஸ். பக்கத்தின் அடியில் கடைசியாகச் சரிபார்த்த திகதியும் அடுத்த திகதியும் இருக்கும். யூடியூபில் இருப்பது ஏற்றிய திகதி மட்டும். பழைய காணொளியை வெட்டி இன்று ஏற்றினாலும் இன்றைய திகதிதான் காட்டும்.

செயற்கை நுண்ணறிவு அரட்டைகள் தமிழில் சரளமாகப் பேசும், எந்த நாட்டுப் போத்தல் என்று கேட்காமலே அளவும் சொல்லும். கேட்டே ஆக வேண்டுமென்றால் நிறை, போத்தலில் உள்ள மில்லிகிராம், நாடு மூன்றையும் எழுதிக் கேளுங்கள். 10 கிலோ, 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம், கிலோவுக்கு 15 என்று கொடுத்து 6.25 வராவிட்டால் அந்தப் பதிலை விட்டுவிட்டு பார்மசிக்காரரைக் கேளுங்கள்.