பகுதிநேர பிஎச்.டி.யா, முழுநேரமா? எழும்பூரில் நான் எண்ணிய நாட்கள்

முன்பு நான் வேலை பார்த்த கல்லூரியில் எனக்குப் பின்னால் சேர்ந்த பெண் ஒருத்தி போன வாரம் போன் செய்தாள். "அக்கா, பிஎச்.டி.க்கு அப்ளை பண்ணப் போறேன். வேலைய விட்டுட்டுப் பண்ணணுமா, பார்ட் டைமே போதுமா?" ஒரு மணி நேரம் பேசியும் பதில் முடியவில்லை. பேசும்போது விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எனக்கு இரண்டு அனுபவமும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத் துறையில் 2018 ஜனவரியில் பகுதிநேர ஆய்வாளராகப் பதிந்தேன். அப்போது ஒரு சுயநிதிக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலை. 2021 ஜூலையில் வேலையை விட்டுவிட்டு, என் ஆய்வை மேற்பார்க்கும் டாக்டோரல் கமிட்டியின் ஒப்புதலோடு முழுநேரத்துக்கு மாறினேன். 2024 மார்ச்சில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தேன். தலைப்பு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் செங்கல்பட்டு மாவட்ட ஏரிகளும் குடிமராமத்தும் (ஊரார் சேர்ந்து ஏரியைச் சீர்செய்யும் வழக்கம்). முழுநேரம்தான் சரி என்பது என் கட்சி. அதை மறைத்துவிட்டு நடுநிலையாகப் பேச எனக்கு வராது.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். பகுதிநேரத்தில் சம்பளம் வந்துகொண்டிருக்கும், பணி அனுபவமும் அறுபடாது. முழுநேரத்தில் நேரம் கிடைக்கும், பணம் கிடைக்காது. ஜேஆர்எஃப் எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகை வாங்கியவர்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை. 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், மூத்த ஆய்வாளராக உயர்ந்தபின் 42,000 ரூபாய், வாடகைப்படி தனி. அதை வைத்துக்கொண்டு பகுதிநேரம் யோசிக்க வேண்டியதில்லை. பட்டத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது. கோர்ஸ் வொர்க், டாக்டோரல் கமிட்டி, வாய்மொழித் தேர்வு எல்லாம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். பகுதிநேரக்காரர்கள் கூடுதலாக வேலை பார்க்கும் இடத்தில் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிகள் அந்தச் சான்றில் என்ன இருக்க வேண்டும் என்றே சொல்கின்றன: பகுதிநேரமாகப் படிக்க அனுமதி உண்டு, ஆய்வு செய்யும் அளவுக்குப் பணியில் நேரம் இருக்கிறது, தேவைப்பட்டால் கோர்ஸ் வொர்க்குக்காகப் பணியிலிருந்து விடுவிப்போம். மூன்றையும் நிர்வாகம் எழுதித் தர வேண்டும். எனக்கும் ஒரு சான்று வந்தது. நேரம் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்த அதே வாரம் எனக்கு மேலும் ஒரு வகுப்பும் ஒதுக்கினார்கள். வாரத்துக்கு 20 மணி நேரம் பாடம் எடுத்தேன்.

என் முடிவைத் தீர்மானித்தது ஒரே ஒரு விஷயம்தான். என் ஆய்வுக்கான சான்றுகள் எழும்பூரில், தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1909-இல் கட்டிய செங்கல் நிறக் கட்டடம். 1670-கள் தொடங்கிய கம்பெனிக் காலத்து ஆவணங்கள் முதல் அங்கே இருக்கின்றன. 1786-இல் அமைந்த வருவாய் வாரியத்தின் நடவடிக்கைக் குறிப்புகள்தான் எனக்கு உயிர். எந்த ஏரி உடைந்தது, எந்த மடை தூர்ந்தது, யார் வேலைக்கு வர மறுத்தார்கள், கலெக்டர் என்ன எழுதினார், வாரியம் என்ன பதில் போட்டது என்று எல்லாம் அதற்குள்தான் கிடக்கின்றன. ஊரார் சேர்ந்து செய்துவந்த மராமத்தை 1858-இல் சட்டம் போட்டுக் கட்டாயமாக்கினார்கள். 1883-இல் ஏரிப் புனரமைப்புத் திட்டம் வந்தது. இடைப்பட்ட 25 ஆண்டுகளில் கிராமத்தில் என்ன நடந்தது என்பதுதான் என் கேள்வி. அதற்கான காகிதங்கள் அரசு அலுவலக நேரத்தில், அரசு அலுவலக நாட்களில் மட்டும்தான் கைக்கு வரும்.

அலுவலக நாள் என்றால் கல்லூரி நாள். என் சிக்கல் முழுக்க இதற்குள் அடங்கிவிடும். பக்கத்திலேயே கன்னிமாரா நூலகம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமையும் போகலாம். கோட்டூர்புரத்தில் அண்ணா நூலகம் இரவு வரை திறந்திருக்கிறது. அச்சான புத்தகங்களை வைத்து ஆய்வு செய்பவர் வார இறுதியை நம்பிப் பகுதிநேரத்தில் பதியலாம். எனக்குத் தேவையான ஆவணக் கட்டுகள் ஞாயிற்றுக்கிழமை வெளியே வராது.

நோட்டில் தேதி போட்டுக் குறிப்பெடுப்பது என் பழக்கம். அதனால் கணக்கு துல்லியமாக இருக்கிறது. 2018 ஜனவரியிலிருந்து 2020 மார்ச் வரை, இருபத்தாறு மாதங்களில், நான் காப்பகத்தில் உட்கார்ந்த நாட்கள் 23. ஆண்டுக்கு 12 தற்செயல் விடுப்பு. அதில் காய்ச்சலுக்கும் கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் போக மிஞ்சியது பாதி. கோடை விடுமுறை இருக்கிறதே என்பார்கள். விடைத்தாள் திருத்தும் பணியும் மாணவர் சேர்க்கையும் அதைத் தின்றுவிடும். முழுநேரத்துக்கு மாறிய முதல் ஆண்டில் மட்டும் 131 நாட்கள் போனேன்.

நாட்கள் கூடியது ஒரு பக்கம். அவை அடுத்தடுத்து வந்ததுதான் பெரிய லாபம். இங்கே வேலை எப்படி நடக்கும் என்று சொன்னால்தான் இது புரியும். முதலில் அட்டவணைத் தொகுதியில் தேட வேண்டும். எண்ணும் தேதியும் கிடைத்ததும் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வரும் தொகுதியில் நீங்கள் தேடிய கடிதம் இருக்கலாம். அந்தக் கடிதம் முந்தைய ஆண்டுக் கடிதம் ஒன்றைக் குறிப்பிட்டிருக்கும். அதற்கு இன்னொரு சீட்டு. தாள்கள் நொறுங்கும், மெதுவாகத்தான் புரட்ட முடியும். குமாஸ்தாவின் கையெழுத்து பழகவே முதல் ஒரு மணி நேரம் போய்விடும். ஒரு மடை பழுதைப் பற்றிய கடிதத்தொடரைப் பிடித்துக்கொண்டு நான் மூன்று நாள் விடாமல் போனேன். மூன்றாம் நாள்தான் சண்டையின் காரணம் விளங்கியது. மேல்மடைக்காரர்களும் கீழ்மடைக்காரர்களும் யார் எத்தனை ஆள் அனுப்புவது என்று பத்து வருடமாக இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். பகுதிநேரத்தில் இருந்திருந்தால் அந்த மூன்று நாளுக்கும் நடுவே இரண்டிரண்டு மாதம் விழுந்திருக்கும். முதல் நாள் பழகிய கையெழுத்து மறந்திருக்கும். எதற்காக அந்தச் சீட்டைப் போட்டேன் என்பதே மறந்திருக்கும். அப்படி மறந்து, ஒரே தொகுதியை இரண்டு முறை கேட்டு வாங்கியதும் உண்டு.

இந்த இடைவெளி எழுத்திலும் தெரிந்தது. பகுதிநேரக் காலத்தில் எழுதிய ஒரு அத்தியாயத்தைப் படித்துவிட்டு என் நெறியாளர் சொன்னார்: "ஒவ்வொரு பக்கமும் புதுசா ஆரம்பிக்குதும்மா. விட்ட இடத்துலேர்ந்து எங்கயும் தொடரல." நான் ஞாயிறு தோறும் மேசையில் உட்கார்ந்து, போன ஞாயிறு என்ன எழுதினோம் என்று பாதி நாள் தேடியது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று அன்று திகைத்துப் போனேன். அந்த அத்தியாயத்தை முழுநேரத்தில் முற்றிலும் திருப்பி எழுதினேன். பழையதிலிருந்து நான்கு பக்கம்கூடத் தேறவில்லை.

முழுநேரத்தில் கிடைத்த இன்னொன்று துறையின் சகவாசம். சேப்பாக்கம் வளாகத்தில் தினமும் இருந்தால் மற்ற ஸ்காலர்களோடு டீ குடிக்கப் போவோம். நிலவரி பற்றி ஆராயும் ஒருவர் புரட்டிய ஆவணக் கட்டுக்குள் எனக்கான ஏரி கிடைத்திருக்கும், எனக்குக் கிடைத்த பஞ்சக் காலக் கடிதம் அவருக்கு உதவும். எந்த அட்டவணைத் தொகுதியில் ஊர்ப்பெயர் எப்படிச் சிதைந்து பதிவாகியிருக்கிறது என்பதெல்லாம் இந்த டீக்கடைப் பேச்சில்தான் தெரியவந்தது. பல்கலைக்கழக நூலகமும் எட்டும் தூரத்தில் இருந்தது. எஸ். ஆர். ரங்கநாதன் 1924 முதல் 20 ஆண்டுகள் நூலகராக இருந்த நூலகம் அது. அங்கே பழைய மாவட்டக் கையேடுகளைப் பார்த்துக் குறித்துக்கொண்டு மறுநாள் காலை எழும்பூர் போய்விடுவேன். பகுதிநேரத்தில் இருந்தபோது வளாகத்துக்கு நான் போனது கையெழுத்து வாங்கவும் பணம் கட்டவும் மட்டும்தான்.

சரி, பணம். எனக்கு நெட் (கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வு) தேர்ச்சி உண்டு, ஜேஆர்எஃப் கிடைக்கவில்லை. கல்லூரியில் மாதம் 19,000 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தேன். அது நின்றது. கணவரின் சம்பளமும் என் சேமிப்பும் மாலை நேரத்தில் எடுத்த போட்டித் தேர்வு வகுப்புகளும்தான் கைகொடுத்தன. இரண்டாம் ஆண்டில் ஒரு நகையை அடகு வைத்தோம். இதைச் சொல்லாமல் முழுநேரத்தைப் பரிந்துரைப்பது நேர்மையாகாது. வீட்டில் ஒரு சம்பளமாவது நிலையாக இல்லாதவர்களிடம் "வேலையை விடு" என்று சொல்ல எனக்கு வாய் வராது. தமிழக அரசு ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் தருகிறது, அது முழுநேர ஆய்வாளர்களுக்குத்தான். முதலமைச்சர் பெயரில் தேர்வு வைத்துத் தரும் ஆய்வு உதவித்தொகையும் இருக்கிறது. வேலையை விடுவதற்கு முன்பே இவற்றுக்கெல்லாம் தகுதி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நான் விட்ட பிறகுதான் தேடினேன்.

பகுதிநேரத்துக்குச் சாதகமாகவும் சொல்ல வேண்டியவை இருக்கின்றன. வகுப்பில் பாடம் நடத்தினால் நமக்கே தெளிவு பிறக்கும். விவசாயியிடம் அரசே நேரடியாக வரி வாங்கிய ரயத்துவாரி முறையை இளங்கலை மாணவர்களுக்கு எளிமையாகச் சொல்லப் போய்தான் என் முதல் அத்தியாயத்தின் அடிப்படைக் குழப்பம் தீர்ந்தது. முழுநேரத்தில் அந்த வாய்ப்பு போய்விட்டது. தனிமை வேறு. சில வாரங்கள் கணவரையும் காப்பக ஊழியர்களையும் தவிர யாரிடமும் பேசியிருக்க மாட்டேன். இன்னொன்று, 2023 ஜூலைக்குப் பிறகு உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வான செட் இருந்தாலே குறைந்தபட்சத் தகுதி, பிஎச்.டி. கட்டாயமில்லை என்று ஆகிவிட்டது. கையில் நெட்டும் நிரந்தர வேலையும் இருப்பவர் அவசரப்பட்டு எதையும் விட வேண்டிய தேவை முன்பைவிடக் குறைந்திருக்கிறது.

என் கணக்கில் பகுதிநேரத்துக்குக் கொஞ்சம் அநியாயமும் நடந்திருக்கிறது. அந்த மூன்றரை ஆண்டில் ஒரு வருடத்துக்கு மேல் கொரோனா கொண்டுபோய்விட்டது. அந்த மாதங்களை நான் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. ஆனால் அந்தச் சோர்வு என் முடிவில் சேர்ந்திருக்கும். ஆய்வகத்தில் வேலை செய்யும் அறிவியல் ஆய்வாளர்களைப் பற்றி நான் பேசத் தகுதியில்லாதவள். கிண்டி வளாகத்தில் தாவரவியல் படித்த தோழி, தன் செடிகளுக்கு ஞாயிறும் திங்களும் ஒன்று, தினமும் போய்த்தான் ஆக வேண்டும் என்பாள். அங்கேயும் முழுநேரத்துக்குத்தான் சாதகமாகத் தெரிகிறது. ஆனால் அது அவள் சொன்னது, நான் பார்த்ததல்ல.

எந்த வழியில் போனாலும் நெறியாளரின் ஓய்வு ஆண்டைக் கேட்டுவிடுங்கள். மரியாதைக் குறைவாக இருக்குமோ என்று நான் தயங்கினேன், தயங்கியிருக்கக் கூடாது. பணியில் மூன்று ஆண்டுக்குக் குறைவாக உள்ளவர் புது ஆய்வாளரை எடுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. நான்கு வருடம் மீதமுள்ளவர் எடுக்கலாம். முழுநேரமாகச் செய்பவர் அந்த நான்கு வருடத்துக்குள் முடித்துவிடக் கூடும். பகுதிநேரக்காரருக்கு நடுவழியில் நெறியாளர் மாறிவிடுவார். நான் பதிந்தபோது இருந்த விதிப்படி அதிகபட்சக் காலம் ஆறு ஆண்டு, பெண்களுக்கு அதற்கு மேல் இரண்டு ஆண்டு சலுகை இருந்தது. என் கடைசி இரண்டு மாதம் அந்தச் சலுகையில்தான் ஓடியது. பகுதிநேரமாகவே தொடர்ந்திருந்தால் அந்த இரண்டு ஆண்டும் போதுமாக இருந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

இதையெல்லாம் போனில் சொல்லி முடித்த பிறகுதான் அவளிடம் தலைப்பைக் கேட்டேன். முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். பெரம்பூரில் 1996-இல் மூடிய பின்னி ஆலையின் பழைய தொழிலாளர்களையும் அவர்கள் குடும்பங்களையும் பேட்டி எடுக்கப் போகிறாளாம். அந்த வீடுகளில் எல்லோரும் ஒன்றாக இருப்பது ஞாயிற்றுக்கிழமை. அப்படியென்றால் உனக்குப் பகுதிநேரமே பொருந்தும், வேலையை விடாதே என்றேன். அப்புறம் ஒரு சந்தேகம் வந்து, "1921 வேலைநிறுத்தத்தைத் தொடுவியா?" என்று கேட்டேன். "அது ஒரு முழு அத்தியாயமே இருக்கு அக்கா" என்றாள். அந்த அரசாணைகளைப் பார்க்க எழும்பூருக்குத்தான் வர வேண்டும். அந்த ஒரு அத்தியாயத்துக்காக மட்டும் ஊதியமில்லா விடுப்பில் நான்கு மாதம் தருவார்களா என்று, தடையின்மைச் சான்று கேட்கும்போதே நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்கச் சொல்லியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. விண்ணப்பிக்க மூன்று வாரம் இருக்கிறது.